கணினி அச்சுக்கோப்பில் தமிழ் எங்கே உடைகிறது?

ஆரணியை ஒட்டிய சேவூரில் பட்டுத் தறிதான் வாழ்க்கை. தறி ஓடும் ஊரில் அச்சு வேலைக்கும் குறைவிருக்காது. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பு, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, வியாபாரியின் பில் புக், சேலைப் பெட்டியில் ஒட்டும் லேபிள் என்று ஏதாவது ஒரு மேட்டர் டிடிபி கடைக்குப் போய்க்கொண்டே இருக்கும். கடையில் டைப் செய்தது பிறகு வேறோர் ஊர் அச்சகத்துக்குப் போகும். இந்த வழியில் எங்கேயோ எழுத்து உடைகிறது. மணமகள் பெயரில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கிறது. புள்ளி மட்டும் தனியாக அடுத்த வரிக்குத் தாவுகிறது. சில நேரம் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறிவிடுகிறது. டைப் செய்பவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் திருத்துகிறார். அடுத்த முகூர்த்தத்துக்கான பத்திரிகையிலும் அதே தவறுகள் அதே இடங்களில் வருகின்றன.

அலைன்மென்ட் போய்விட்டது, ஃபார்மேட் கலைந்துவிட்டது என்று இதைச் சொல்கிறார்கள். தமிழில் கணினி அச்சுக்கோப்பு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இது தீரவில்லை. கோளாறைப் பக்கத்தில் தேடுவதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். பக்கத்தில் தெரியும் கோளாறுகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே பிறந்துவிடுகிறது: எழுத்து கணினிக்குள் எந்த வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது, மென்பொருள் அதை எந்த மொழி என்று எண்ணிக்கொண்டிருக்கிறது என்ற இரண்டிடத்தில். இரண்டையும் சரிசெய்த பிறகும் மிஞ்சுகிற கோளாறு ஒன்று உண்டு. வரியை எங்கே முறிப்பது என்பது அது. அதற்கான விதியை மென்பொருள் நிறுவனம் எழுதித் தராது. தமிழில் அச்சிடுகிறவர்கள்தான் எழுத வேண்டும்.

தமிழ் அச்சின் கதை 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்தை ஒட்டித் தொடங்குகிறது. அன்று முதல் உலோக எழுத்தின் காலம் முடியும் வரை, அச்சுக் கோர்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் எழுத்தை எடுத்தார். ‘கொ’ வேண்டுமானால் முதலில் கொம்பு, அடுத்து க, அடுத்து கால். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலேயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் வரிசை இதுதான். ஒலி வரிசையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. தாளில் மை சரியாக விழுந்தால் வேலை முடிந்தது. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளுக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தது. அதனால் அச்சுக் கோர்ப்பவருக்கும் தட்டச்சருக்கும் வேலை குறைந்தது. பின்னால் வந்த கணினிக்கும் அது உதவியது.

1985இல் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கரை வெளியிட்டது. அதே ஆண்டு ஆப்பிளின் லேசர் பிரின்டரும் வந்தது. மேசை மேலேயே பக்கம் அமைக்கலாம் என்ற நிலை வந்தது இந்த இரண்டாலும்தான். ஆனால் அன்றைய கணினி எழுத்துருவில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றிலும் ஒரு பகுதி கட்டளைக் குறிகளுக்குப் போய்விடும். தமிழின் 247 எழுத்துகளை முழுதாக அங்கே வைக்க முடியாது. ஆகவே பழைய அச்சுக்கோப்பு முறையையே கணினிக்குள் கொண்டுவந்தார்கள். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி. கு, கூ போன்று உருமாறும் எழுத்துகளுக்கு மட்டும் முழு இடம். எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதை ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. பாமினி ஒரு வரிசை, வானவில் ஒரு வரிசை, ஸ்ரீலிபி ஒரு வரிசை, இளங்கோ ஒரு வரிசை. இணையத் தமிழர்கள் கூடி டிஸ்கி என்ற பொது வரிசையை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. டிடிபி கடைகளில் எதுவும் பெரிதாக மாறவில்லை. கையில் இருந்த எழுத்துரு வேலை செய்தது, வேலை செய்வதை யார் மாற்றுவார்கள்?

இங்கேதான் முதல் வகைக் கோளாறுகள் எல்லாம் பிறக்கின்றன. பாமினியில் டைப் செய்த ‘தமிழ்’ என்ற சொல் கணினியைப் பொறுத்தவரை நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். அதன் மேல் பாமினி என்ற சட்டையைப் போட்டிருப்பதால் நமக்குத் தமிழாகத் தெரிகிறது. சேவூர் நெசவாளருக்கு இதை ஜக்கார்டு அட்டையை வைத்து எளிதாகச் சொல்லிவிடலாம். 240 கொக்கிப் பெட்டிக்கு அடித்த அட்டையை வேறு கொக்கிக் கணக்குள்ள பெட்டியில் மாட்டினால் ஓட்டைகள் அப்படியே இருக்கும். ஆனால் தூக்குகிற இழை வேறாகிவிடும், புட்டா வராது. எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் கோப்பைத் திறக்கும்போது நடப்பது அதுவேதான். ஓட்டை இருக்கிறது, கொக்கி மாறிவிட்டது.

எழுத்துரு கூடவே போனாலும் ஆபத்து தீர்வதில்லை. மென்பொருள் இதை ஆங்கிலம் என்று நம்பி, ஆங்கிலத்துக்கு உரிய உதவிகளை எல்லாம் செய்யத் தொடங்கிவிடும். வேர்டில் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், பாமினியில் ‘த’ இருந்த இடத்தில் ‘து’ வந்து உட்காரும். ‘க’ இருந்த இடத்தில் ‘கு’. ஏனென்றால் ‘த’வின் விசையை ஷிஃப்டோடு அழுத்தினால் வருவது ‘து’. பாமினியில் ‘இ’ என்ற எழுத்து இருப்பது ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில். காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் தேவையற்ற இடைவெளிகளை நீக்குவோம் என்று யாராவது ஃபைண்ட் ரீபிளேஸ் கொடுத்தால், ‘இல்லை’, ‘இவர்’, ‘இந்த’ என்று இகரத்தில் தொடங்கும் எல்லாச் சொற்களும் முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றும் வசதி, அந்த இடத்தில் எழுத்து வைத்திருக்கும் எழுத்துருக்களில் எழுத்தையே மாற்றிவிடும். 173ஆம் இடத்தை மென்பொருள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு என்று எண்ணும். அங்கே எழுத்து வைத்த எழுத்துருவில் அந்த எழுத்து மறைந்துபோகும். ஆங்கில ஹைஃபனேஷன் இயங்கினால் கொம்பு ஒரு வரியிலும் அதன் எழுத்து அடுத்த வரியிலும் நிற்கும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டி வரியை நிரப்பச் சொன்னால் ‘கொ’ மூன்று துண்டாகப் பிரியும்.

ஆகவே பழைய எழுத்துருவில்தான் வேலை செய்தாக வேண்டும் என்றால் முதல் காரியம் இந்த ஆங்கில உதவிகளை எல்லாம் நிறுத்துவது. ஆட்டோ கரெக்ட், வளைந்த மேற்கோள், ஹைஃபனேஷன், எழுத்திடைவெளி ஆகிய நான்கையும் பக்கம் தொடங்கும் முன்பே அணைத்துவிட வேண்டும். இதைச் செய்தாலே கையால் திருத்தும் வேலை பெருமளவு குறையும். அச்சகத்துக்கு அனுப்பும்போது கோரல்டிராவில் எழுத்தைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி அனுப்புவது எல்லோருக்கும் தெரிந்த வழி. எழுத்துரு இல்லாத கணினியிலும் அப்போது வடிவம் மாறாது. ஆனால் அந்த நொடியில் எழுத்து படமாகிவிடுகிறது. தாய்மாமன் பெயரில் ஒரு பிழை என்று மறுநாள் தொலைபேசி வந்தால் அச்சகத்தில் இருப்பவரால் திருத்த முடியாது. கர்வ் செய்யாத மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளாத கடை, அதே மேட்டரை மீண்டும் டைப் செய்யத்தான் வேண்டும்.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யூனிகோடு 1991இல் தமிழுக்கென்று தனியிடம் ஒதுக்கியது. அங்கே எழுத்து ஒலி வரிசையில் சேமிக்கப்படுகிறது: ‘கொ’ என்பது க, அதன் பின் ஒகரக் குறி. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வரைவது திரையில் காட்டும் மென்பொருளின் பொறுப்பு. சேமிப்பதும் காட்டுவதும் இப்படித் தனித்தனி வேலைகள் ஆனதுதான் தமிழ் அச்சுக்கு நடந்த பெரிய மாற்றம் என்பேன். அதன் பயனை முழுதாகப் பெற முடியாமல் தடுப்பது இரண்டு. ஒன்று, பழைய மேட்டரை யூனிகோடுக்கு மாற்றும்போது புகும் பிழை. மற்றொன்று, யூனிகோடைச் சரியாக வரையத் தெரியாத, அல்லது வரையும்படி யாரும் சொல்லாத மென்பொருள்.

மாற்றும்போது வரும் பிழைகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இவை கண்ணுக்குத் தெரியாதவை. தட்டச்சுப் பொறியிலும் பல பழைய எழுத்துருக்களிலும் ர் என்ற எழுத்தின் கீழ்க்கால் இல்லாமல், வெறும் காலின் மேல் புள்ளி வைத்தே அடிப்பார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. அதே பழக்கத்தில் அடித்த மேட்டரை யூனிகோடு மாற்றிக் கருவியில் போட்டால், ‘அவர்கள்’ என்பதில் ர் இருக்க வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் வந்து ‘அவா்கள்’ ஆகிறது. ‘தெரியும்’ என்பது ‘தொியும்’ ஆகிறது. அரசு ஆவணங்களிலும் செய்தித் தளங்களிலும் இந்த வடிவம் பரவிக் கிடக்கிறது. சில எழுத்துருக்களில் இது சரியாகவே தோன்றும். எழுத்துருவை மாற்றியவுடன் புள்ளியிட்ட வட்டம் முளைக்கும். தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் தவறான இடத்துக்குப் போகும்.

ஔகாரமும் அப்படித்தான். ‘கௌரி’ என்பதில் வருவது ஔகாரக் குறி. ‘கெளரி’ என்பதில் வருவது கொம்பும் ளகரமும். பழைய எழுத்துருவில் இரண்டுக்கும் ஒரே வடிவம், ஆகவே யாரும் கவனித்ததில்லை. யூனிகோடில் இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ‘ஔவை’யும் ‘ஒளவை’யும் அதே கதை. பத்திரிகைத் தலைப்பில் தவறாமல் வரும் ‘ஸ்ரீ’யிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2005இல் யூனிகோடு ‘ஶ’ என்ற எழுத்தைச் சேர்த்த பிறகு, ‘ஶ்ரீ’ என்றும் ‘ஸ்ரீ’ என்றும் இரண்டு வழியில் அதை எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருந்தால் ஃபைண்ட் ரீபிளேஸ் பாதியைத்தான் பிடிக்கும். தமிழ் ஆண்டு, மாதம், நாள் போடுகிற ௵, ௴, ௳ என்ற குறிகளுக்கு 2003 முதலே யூனிகோடில் இடம் உண்டு, ஆனால் எல்லா எழுத்துருவும் அவற்றை வரைந்து வைத்திருக்காது. இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் அந்த இடத்தில் வெற்றுக் கட்டம் அச்சாகும்.

இவற்றுக்கான மருந்து கடினமானதல்ல. மாற்றியில் போட்டு எடுத்த மேட்டரைப் பக்கத்துக்குக் கொண்டுபோகும் முன்பு, காலுக்குப் பின் புள்ளி, காலுக்குப் பின் இகரக் குறி, ‘ஒ’வுக்குப் பின் ‘ள’, கொம்புக்குப் பின் ‘ள’ ஆகிய சேர்க்கைகளைத் தேடிப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் தமிழில் வரவே முடியாதவை, கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ‘ஒளி’யையும் ‘தெளிவு’ போன்ற சொற்களையும் கெடுத்துவிடக் கூடாது.

மென்பொருள் பக்கம் வருவோம். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது, 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றது. 1999இல் வந்த இன்டிசைன் அதன் இடத்தைப் பிடித்தாலும், நீண்ட காலம் தமிழ் யூனிகோடை ஒழுங்காக வரையாமலேயே இருந்தது. அந்த இடைவெளியில் பதிப்புத் தொழில் பழைய எழுத்துருவை விடாமல் பிடித்துக்கொண்டதில் நியாயம் உண்டு. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தபோது, அதைக் கையாளத் தெரியாத மென்பொருள்களுக்காக டேஸ் 16 என்ற மற்றொரு தரத்தையும் சேர்த்து அறிவித்தது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனியிடம் தரும் அந்த முறையில் கொம்பை இடம் மாற்றி வரையும் வேலையே கிடையாது. இலக்கணத்தோடு ஒத்துப்போகும் அழகான ஏற்பாடுதான். ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமர்ந்திருப்பதால் உலகின் மற்றக் கணினிகள் அதைத் தமிழ் என்று அறியா. இரண்டே ஆண்டில், 2012இல், இன்டிசைன் சிஎஸ்6 தமிழையும் இந்திய மொழிகளையும் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு வந்த கோரல்டிரா எக்ஸ்6 புதிய எழுத்து இயந்திரத்தோடு வந்தது. டேஸ் 16 எதற்காகப் பிறந்ததோ அந்தத் தேவை அதோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பதே என் கணிப்பு. இன்று புதிதாக ஒரு மேட்டரை அதில் டைப் செய்ய எந்தக் காரணமும் இல்லை.

வசதி வந்தும் பலருக்கு அது கிடைக்காமல் இருப்பதற்குக் காரணம் ஒரே ஓர் அமைப்பு. இன்டிசைனில் பத்தியை அடுக்க இரண்டு வகை இயந்திரங்கள் உண்டு. வழக்கமான பாராகிராஃப் கம்போசர் ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. அதில் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுத்த உடனே எல்லாம் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். பத்தி ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் என்ற பக்கத்தில் இந்தத் தேர்வு இருக்கிறது. அங்கே ஒரு முறை மாற்றி வைத்தால் அந்த ஸ்டைலில் அமையும் ஒவ்வொரு பத்தியும் சரியாகும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் விருப்பத்தேர்வுகளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்க வேண்டும். பழைய கோப்பைத் திறந்தால் பழைய இயந்திரமே தொடரும் என்பதால், புதிய மென்பொருள் வாங்கியும் எழுத்து உடைகிறதே என்று பலர் மனம் நொந்து பாமினிக்கே திரும்பிவிடுகிறார்கள். பணம் கொடுத்து வாங்க முடியாதவருக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த அதன் 1.6 பதிப்பு ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து இயந்திரத்தைக் கொண்டு தமிழை நன்றாக வரைகிறது. சிறிய ஊர்க் கடைக்கு ஆண்டறிக்கை, சிறு புத்தகம் அளவுக்கு அது தாராளமாகப் போதும்.

பழைய எழுத்துருவை விடாததற்கு இரண்டு காரணங்களை டிடிபி தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள், இரண்டும் கேட்க வேண்டியவை. முதலாவது விசைப்பலகை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வு எழுதி வந்த கை, கொம்பை முதலில் அடித்தே பழகியது. ஆனால் அந்தக் கைப்பழக்கத்தை விட வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசக் கருவிகளில் தட்டச்சு விசைப்பலகையும் பாமினி விசைப்பலகையும் உண்டு; நீங்கள் கொம்பை முதலில் அடித்தாலும் அது ஒலி வரிசைக்கு மாற்றியே சேமிக்கும். இரண்டாவது, எழுத்து வடிவம். கல்யாணப் பத்திரிகைக்குத் தேவையான அலங்கார எழுத்துகள் பழைய எழுத்துருக்களில் குவிந்து கிடக்கின்றன, யூனிகோடில் அந்த அளவுக்கு இல்லை. இது உண்மையான குறை. கேட்டமரன், மீரா இனிமை, நோட்டோ செரிஃப், அரசின் மருதம் என்று உடல் எழுத்துக்கு நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே வந்துவிட்டன. தலைப்புக்கு மட்டும் பழைய அலங்கார எழுத்துரு, மற்றதெல்லாம் யூனிகோடு என்று வைத்துக்கொள்வது இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்த வழி. அலங்கரித்த ‘திருமண அழைப்பிதழ்’ என்ற இரண்டு சொல்லை யாரும் தேடப் போவதில்லை. உள்ளே இருக்கும் பெயர்களும் முகவரியும் தேதியும்தான் பிழையில்லாமல் வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு வருவதுதான் உண்மையான பக்க அமைப்பு. இதில் தமிழுக்கென்று தனிச் சிக்கல் குறைவு. கெட்ட பழக்கமே அதிகம். பத்திரிகையில் இரண்டு பக்கமும் உறவினர் பெயர்கள் வரும் இடத்தை ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நேராக்குகிறார்கள். ஒரு பெயரைத் திருத்தினால் வரிசை முழுவதும் குலையும். டேப் வைத்தோ, கட்டமில்லாத டேபிள் போட்டோ அமைத்தால் பெயர் நீண்டாலும் நேர்கோடு மாறாது. பத்திகளுக்கு நடுவே இடம்விட என்டரை இரண்டு முறை தட்டுவதற்குப் பதில் பத்தி ஸ்டைலில் கீழ் இடைவெளி கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரே அமைப்பில் வரும் சங்க அறிக்கைக்குத் தலைப்பு, உள்தலைப்பு, பத்தி, அட்டவணை எழுத்து என்று நான்கைந்து ஸ்டைல் ஒரு முறை அமைத்தால், அடுத்த ஆண்டு மேட்டரை ஊற்றினால் போதும். வாட்ஸ்அப்பில் வந்த மேட்டரை நேராக ஒட்டக் கூடாது. அதனோடு கண்ணுக்குத் தெரியாத குறிகளும் வரி முறிவுகளும் சேர்ந்து வரும். நோட்பேடில் ஒட்டி, அவற்றைத் தேடி நீக்கிய பிறகே பக்கத்தில் போட வேண்டும். தமிழ் நடுவே வரும் ஆங்கிலப் பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் இன்டிசைனில் கிரெப் ஸ்டைல் வைத்தால் அவை தானாகவே பொருத்தமான எழுத்துருவுக்கும் அளவுக்கும் மாறிக்கொள்ளும். தடித்த எழுத்து இல்லாத எழுத்துருவைப் போல்டு ஆக்கினால் ணகர னகரச் சுழிகள் அடைத்துக்கொள்ளும், அதைத் தவிர்ப்பது நல்லது. வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்குப் போதுகிற இடம் தமிழுக்குப் போதாது. மேல் வரியின் ‘ழு’, ‘ளூ’ கீழ் வரியின் ‘கீ’, ‘றீ’யோடு மோதும்.

சேமிப்பு சரியாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அச்சுக்குப் போகும் பிடிஎஃப் கோப்பிலிருந்து இரண்டு வரியை எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அந்த அறிக்கையைப் பத்தாண்டு கழித்து ஒருவர் தேடிப் படிக்க முடியும். பார்வையற்ற ஒருவருக்குக் கணினியால் வாசித்துக் காட்டவும் முடியும். குப்பையாக வந்தால் அது தாளில் மட்டுமே இருக்கும் எழுத்து. நெசவாளர் சங்கத்தின் கூலி விவரமும் சேமநலத் திட்ட அறிவிப்பும் அப்படித் தாளோடு தங்கிவிடக் கூடாதவை. ஊர் வரலாற்றுக்கு வேறு ஆவணம் எங்கே இருக்கிறது?

இனி வரி முறிப்பு. தமிழ்ச் சொல் நீளமானது. வேற்றுமை, இடைச்சொல், துணைவினை எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்கும். ‘கலந்துகொள்ளவேண்டுமென்று’ என்று ஒரே மூச்சில் எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. யூனிகோடின் பொதுவிதிப்படி தமிழ் வரி இடைவெளியில் மட்டுமே முறியும். பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்த ஆண்டறிக்கையில் ‘பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி மற்றும் விற்பனைச் சங்கம்’ என்று ஒரு பெயர் வந்தாலே வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். இரு ஓரமும் நேராக வேண்டும் என்று ஜஸ்டிஃபை கொடுத்தால் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும். இன்டிசைன் தன் வழக்கமான அமைப்பில் சொல் இடைவெளியை 80 முதல் 133 விழுக்காடு வரைதான் வைத்துக்கொள்ளப் பார்க்கும். குறுகிய தமிழ்ப் பத்தியில் அந்த எல்லைக்குள் நிற்க அதனால் முடிவதில்லை. எழுத்தின் அகலத்தை 97 முதல் 103 விழுக்காடு வரை மாற்றிக்கொள்ள அனுமதித்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். எழுத்திடைவெளியைத் தொடக் கூடாது. குறுகிய பத்தியில் ஜஸ்டிஃபை வேண்டாம், இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும் என்பதே என் துணிபு. வலது ஓரம் ஏறியிறங்கினால் பக்கம் அழகு கெடும் என்ற அச்சம் தேவையற்றது. நடுவில் ஓட்டை விழுந்த பக்கத்தைவிட அது படிக்க எளிது.

ஆனாலும் செய்தித்தாளுக்கும் புத்தகத்துக்கும் ஜஸ்டிஃபை வேண்டியிருக்கிறது. பழைய அச்சுக் கோர்ப்பவர்கள் இதற்கு வழி கண்டிருந்தார்கள். சொல்லை எழுத்து முடியும் இடத்தில் முறித்து, இணைப்புக்கோடு போடாமலே அடுத்த வரிக்குக் கொண்டுபோனார்கள். வாசகர்கள் தடுமாறவில்லை. புள்ளி எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது, ஓர் எழுத்து மட்டும் தனித்து நிற்கக் கூடாது என்பவை அவர்கள் கையில் இருந்த விதிகள். ‘பட்’ என்று முறிக்கலாம், ‘ப’ என்று முறித்து ‘ட்டு’ என்று அடுத்த வரியைத் தொடங்கக் கூடாது. சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகளுக்கு உருவாக்கிய சொல்முறிப்பு விதிகள் இன்று டெக், லிப்ரே ஆஃபிஸ் ஆகியவற்றில் தமிழுக்கும் கிடைக்கின்றன. இன்டிசைனிலும் எழுத்தின் மொழியைத் தமிழ் என்று அமைத்தால் முறிப்பு இயங்கும். இவை எழுத்தை உடைக்காமல் காப்பாற்றும். சொல்லின் உள்ளமைப்பு இவற்றுக்குத் தெரியாது. ‘கூட்டுறவுச்சங்கம்’ என்பதைக் ‘கூட்டுறவுச்’ என்ற இடத்தில் முறிப்பதும் ‘கூட்டுறவுச்சங்’ என்ற இடத்தில் முறிப்பதும் இவற்றுக்கு ஒன்றுதான். தமிழ் மரபில் இல்லாத இணைப்புக்கோட்டையும் கூடவே போட்டுவிடும்.

சொல்லின் உள்ளமைப்பு அறிந்து முறிக்க வேண்டியது ஒரு சொற்பட்டியல்: நீண்ட சொற்களும் கூட்டுச் சொற்களும், ஒவ்வொன்றிலும் முறிக்கத் தக்க இடத்தின் குறியும். ‘பட்டுச்|சேலை’, ‘நெசவாளர்|களுக்கு’, ‘வரவேற்|பாளர்’ என்பது போல. முன்னெழுத்தும் பெயரும் பிரியக் கூடாது, ‘ரூ.’வும் தொகையும் பிரியக் கூடாது என்ற விதிகளும் அதில் சேர வேண்டும். பிரியா இடைவெளி போட்டு அவற்றை இன்றைக்கே காக்கலாம். இன்டிசைனில் டிஸ்கிரீஷனரி லைன் பிரேக் என்று ஒரு குறி இருக்கிறது. சொல்லின் நடுவே அதை வைத்தால், தேவைப்படும்போது மட்டும் அங்கே வரி முறியும், கோடு விழாது. பட்டியலில் உள்ள சொற்களைத் தேடி அந்தக் குறியோடு மாற்றும் வேலையை ஃபைண்ட் சேஞ்சே செய்துவிடும். அகராதி முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு நெசவாளர் சங்கத்தின் ஆண்டறிக்கையில் திரும்பத் திரும்ப வருபவை உறுப்பினர், பொதுக்குழு, கொள்முதல், உற்பத்தி, தள்ளுபடி, கூலி உயர்வு என்று ஒரே வட்டத்துச் சொற்களே. அந்த அறிக்கையை டைப் செய்கிற கடையே அந்தப் பட்டியலை எழுதத் தொடங்கலாம்.